சிஸ்டர்ஸ் தீவில் குளிக்கப் போனோம்

காலை 6:35, செங்காங், சிங்கப்பூர்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வீட்டை விட்டுக் கிளம்புவது என்றால் எங்கள் குடும்பத்தில் ஒன்று விமான நிலையமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் தைப்பூசமாக இருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் நான் தொப்பியும் தண்ணீர்ப் புட்டியும் எலுமிச்சைச் சாதப் பொட்டலமுமாக நிற்பதைப் பார்த்துவிட்டு, என் கணவர் படுக்கையிலிருந்தே கேட்டார்.

“தீவுலயே குடியிருக்கிற ஆளு எதுக்குமா இன்னொரு தீவுக்குப் போவணும்?”

“ஒருத்தர் குளிக்கிறதைப் பாக்க.”

எழுந்து உட்கார்ந்துவிட்டார். முழுக்கதையையும் நினைவுபடுத்திய பிறகுதான் மறுபடியும் படுத்தார். வாசகர்களுக்கும் அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். செங்காங்கிலிருந்து ஃபேரர் பார்க் எட்டாவது நிலையம். கதை சொல்ல அந்த நேரம் போதும்.

நான் உரைபெயர்ப்பாளர். மருத்துவமனையில் டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவில் உட்கார்ந்து, அவர் சொல்வதை இவருக்கும் இவர் சொல்வதை அவருக்கும் மாற்றிச் சொல்லும் வேலை. இருபத்திரண்டு வருடங்களாகச் செய்கிறேன். ‘என் வாயில் ஒரு சொல் பிசகாது’ என்ற கொழுப்பும் எனக்கு உண்டு. உண்டு என்ன, இருந்தது.

போன பிப்ரவரியில் முனியசாமி என்பவர் வந்தார். ராமநாதபுரம் மாவட்டத்தில் கீழக்கரைக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர், முப்பத்தெட்டு வயது, இங்கே ஐந்து வருடமாக வேலை. காது வலி. “முந்தாநேத்து குளிச்சேன்க்கா, அதுல இருந்து வலது காது அடைச்சுக்கிட்டு வலிக்குது” என்றார். குளித்தபோது காது வலித்ததாம் என்று நான் டாக்டரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். டாக்டர் காதுக்குள் பார்த்தார். லேசான சிவப்பு. சொட்டு மருந்து எழுதிக்கொடுத்துவிட்டு, ஒரு வாரத்துக்குக் குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சைக் காதில் வைத்துக்கொள்ளச் சொன்னார். அதை நான் சுத்தமான தமிழில், ஒரு சொல் பிசகாமல் சொன்னேன்.

பத்து நாள் கழித்து அதே ஆள், இன்னொரு டாக்டர், தற்செயலாக மறுபடியும் நான். “நீங்க சொன்ன மாதிரியே பஞ்சு வச்சுக்கிட்டுத்தான்க்கா குளிச்சேன். எட்டு மீட்டர்ல கிழிஞ்சிருச்சு” என்றார்.

எட்டு மீட்டரில் யாராவது குளிப்பார்களா? அவருடைய வேலை கப்பலுக்கு அடியில் மூழ்கி, ஒட்டிக்கிடக்கும் பாசியையும் சிப்பியையும் சுரண்டுவது. அவருடைய ஊரில் கடலுக்குள் மூழ்குவதற்குப் பெயரே குளிப்பதுதான். சங்கு குளிப்பார்கள், மூழ்குகிற ஆளைக் குளியாள் என்பார்கள். பள்ளிக்கூடத்தில் ‘முத்துக்குளித்தல்’ பற்றிக் கட்டுரை எழுதிப் பத்துக்கு எட்டு வாங்கியவள் நான். அந்தச் சொல் நாற்காலி போட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. காதை அடைத்துக்கொண்டு கடலுக்குள் இறங்கினால் தண்ணீரின் அழுத்தம் செவிப்பறையைக் கிழித்துவிடும். சிங்கப்பூர் டாக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி அந்த மனிதர் இறங்கியிருக்கிறார்.

அங்கேயே டாக்டரிடம் உண்மையைச் சொல்லித் திருத்தினேன், அவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். “நீங்க என்ன வேணும்னேயா செஞ்சிய?” என்றார் முனியசாமி. அந்த ஒரு கேள்வியோடு விட்டுவிட்டார். நாலு மாதம் அவர் தண்ணீரில் இறங்கவில்லை. மேல்தளத்தில் நின்று மற்றவர்களுக்குக் கயிறு பிடித்தார். போன வாரம்தான் காது ஆறிவிட்டது என்று டாக்டர் கடிதம் கொடுத்தார். ஆனால் முதலில் ஆழம் குறைந்த இடத்தில், மெதுவாக இறங்கிப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். நாளை திங்கட்கிழமை கம்பெனி அவரைத் தண்ணீருக்குள் அழைக்கிறது. காது தாங்கினால் வேலை, தாங்காவிட்டால் ஊருக்கு டிக்கெட். கப்பலுக்கு அடியில் வைத்துத் தெரிந்துகொள்வதைவிட, வலித்தால் உடனே மேலே வந்துவிடக்கூடிய இடத்தில் முந்தின நாளே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர் எண்ணம். அதற்குத்தான் இந்தப் பயணம். ‘நானும் வருகிறேன்’ என்று ஒட்டிக்கொண்டது நான்.

காலை 7:10, ஃபேரர் பார்க்

முனியசாமி துவாஸிலிருந்து முதல் ரயிலைப் பிடித்து வந்து நிலையத்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். மடிப்புக் கலையாத சட்டை, தலையில் எண்ணெய், கையில் பிளாஸ்டிக் பை. பெண் பார்க்கப் போகிற மாதிரி இருந்தது. சொன்னேன், சிரித்தார்.

பக்கத்துத் தெருவில் ஒரு கடை அப்போதுதான் திறந்திருந்தது. எனக்கு இட்லி, அவருக்கு நெய் தோசை, இரண்டு தே தாரிக். மொத்தம் பதினொரு சிங்கப்பூர் வெள்ளி. அவர் பாதித் தோசையோடு நிறுத்திக்கொண்டார்.

“வயிறு நெறஞ்சா முங்க முடியாதுக்கா.”

“பயமா இருக்கா தம்பி?”

“பயம் எதுக்கு? பதினாறு வயசுல இருந்து கடல்ல கெடக்கேன்.” தேநீரை ஆற்றினார், குடித்தார். அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “வீட்ல சொல்லலைக்கா. மேல வேலை குடுத்திருக்காகன்னு மட்டுந்தான் சொன்னேன். காது கிழிஞ்சது அவளுக்குத் தெரியாது.”

டோபி காட்டில் மாறி, வடக்குத் தெற்குப் பாதையின் கடைசி நிலையமான மரினா சவுத் பியரில் இறங்கினோம். ரயில் பெட்டியில் பாதிப் பேர் தூண்டிலும் ஐஸ் பெட்டியும் வைத்திருந்தார்கள். இருபது வருடமாக இந்த ஊர்க் கடலில் நான் படகு ஏறியதில்லை. கடைசியாகப் போனது பிள்ளைகளின் பள்ளிச் சுற்றுலாவில். அன்றைக்கு வாந்தி எடுத்தவர்களில் பெரியவள் நான் ஒருத்திதான்.

காலை 8:10, மரினா சவுத் படகுத்துறை

எங்களை அழைத்துப்போகும் பெண்ணின் பெயர் தர்ஷினி. சுவா சூ காங்கில் வீடு. வாரநாளில் ஏதோ அலுவலகத்தில் கணக்காளர், வார இறுதியில் முக்குளிப்பு வழிகாட்டி. முப்பது வயது இருக்கலாம். தலைமுடியில் உப்புக்காற்று நிரந்தரமாகத் தங்கியிருந்தது.

“ஹாய் ஆன்ட்டி, ஹாய் அண்ணே. டுடே கரண்ட் ஓகே. விசிபிலிட்டிதான் ப்ராமிஸ் பண்ண முடியாது லா, மேபி த்ரீ மீட்டர்ஸ். சிங்கப்பூர் கடல்ல டைவ் பண்றது மைலோ கப்புக்குள்ள டைவ் பண்ற மாதிரி.”

முக்குளிப்பவருக்குக் காற்றுக் கலன், எடைப்பட்டை எல்லாம் சேர்த்து நூற்று ஐம்பது வெள்ளி. வேடிக்கை பார்ப்பவளுக்கு எழுபது. வெயிலில் உட்கார எழுபதா என்று வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

பணம் கட்டியதும் உடல்நலப் படிவம் வந்தது. ஆங்கிலத்தில் ஒரு பக்கம். பழக்க தோஷத்தில் என் கை பேனாவை எடுத்தது. இதயம்? இல்லை. ஆஸ்துமா? இல்லை. வலிப்பு? இல்லை. ஐந்தாவது கேள்வி காது.

“இல்லைன்னு போட்டுருங்கக்கா” என்றார் முனியசாமி, என் முகத்தைப் பார்க்காமல்.

“அது எப்படி தம்பி?”

“ஆமான்னு போட்டா எறக்கிவிட மாட்டாகக்கா. எனக்கு இன்னைக்கு ஒரு நாள்தான் இருக்கு.”

அவருக்கு நான் செய்த கெடுதலுக்கு அவர் என்னிடம் கேட்டது இந்த ஒன்றுதான். ஒரு ‘இல்லை’. பேனா என் கையில் இருந்தது, தர்ஷினி அந்தப் பக்கம் கலன்களை எண்ணிக்கொண்டிருந்தாள். எழுதிவிட்டிருக்கலாம்.

“ஒரு தடவை தெரியாமத் தப்பாச் சொன்னேன், உங்க காது போச்சு. இப்ப தெரிஞ்சே தப்பாச் சொல்லச் சொல்றீங்களா? என்னால முடியாது தம்பி.”

கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோபம்தான், நியாயமான கோபம். பிறகு பிளாஸ்டிக் பையிலிருந்து டாக்டரின் கடிதத்தை எடுத்து நீட்டினார். “ஆமான்னே போடுங்க.”

தர்ஷினி கடிதத்தை இரண்டு முறை படித்தாள். எந்தக் காது, எத்தனை வாரம், விமானத்தில் போனாரா, சளி இருக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேள்வியாகக் கேட்டாள். ஒவ்வொன்றையும் மாற்றிச் சொன்னேன். வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டால் இங்கிருந்தே திரும்ப வேண்டியதுதான். கடைசியில் அவள் கடிதத்தை மடித்தாள்.

“ஓகே. பட் அண்ணே என்கூடத்தான் இருக்கணும், கயிறைப் பிடிச்சுத்தான் எறங்கணும். மேக்ஸிமம் ஆறு மீட்டர். காது வலிச்சா நோ ஹீரோ.”

“வலிச்சா வீரம் காட்டக் கூடாதாம்” என்றேன்.

“அது வெளங்குச்சுக்கா” என்றார். படிவத்தை வாங்கித் தன் பெயரைத் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

காலை 8:50, கடலில்

படகோட்டி ஹாசிம் அண்ணன், மலாய்க்காரர். அறுபதைத் தொட்டிருப்பார். எஞ்சின் உறுமியதும் நான் கம்பியை இறுக்கிப் பிடித்ததைப் பார்த்துவிட்டு, “தக்குட்?” என்று கேட்டார். பயமா என்கிறார். நான் பலமாகத் தலையாட்டி மறுத்தேன். சிரித்துக்கொண்டே வாந்திப் பை ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தார்.

தீவுக்கூட்டம் தெற்கே இருக்கிறது. கடல்வழியில் ஏழெட்டுக் கிலோமீட்டர்தான் என்றார்கள், எங்களுக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. நகரத்தின் உயரக் கட்டடங்கள் பின்னால் போகப் போக, முன்னால் கப்பல்கள் வளர்ந்தன. நான் கரையிலிருந்து பார்க்கும்போது தீப்பெட்டி அளவில் தெரிகிற கப்பல்கள் பக்கத்தில் பார்த்தால் எங்கள் அடுக்குமாடி புளோக்கைவிட நீளம். நான் மேலே பார்த்தேன். முனியசாமி கப்பலின் உடல் தண்ணீரைத் தொடும் இடத்தைப் பார்த்தார்.

“அந்தா செவப்புக் கப்பல் இருக்குல்ல, அதை மாதிரி ஒண்ணைச் சொரண்டி முடிக்க ரெண்டு நாளாகும்க்கா. மேல இருக்கிறவக யாருக்கும் அடிவயிறு எப்படி இருக்கும்னு தெரியாது.”

கூசுத் தீவின் கோயில் கூரையும் செயின்ட் ஜான்ஸ் தீவின் மரங்களும் பக்கவாட்டில் கடந்தன. என் தொலைபேசி சிணுங்கியது. எடுத்துப் பார்த்தால், இந்தோனேசியா தங்களை வரவேற்கிறது என்று ஒரு செய்தி. கடவுச்சீட்டே இல்லாமல் வெளிநாடு போன திருப்தியோடு ரோமிங்கை அணைத்தேன்.

காலை 9:30, பாறை

தீவை நெருங்குவதற்கு முன் ஹாசிம் அண்ணன் எஞ்சினைத் தணித்தார். வலப்பக்கம், தள்ளி, கடலிலிருந்து ஒரு மொட்டைப் பாறை நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு புல்கூட இல்லை. அதன் மேல் முப்பது, நாற்பது வெள்ளைப் பறவைகள். கண்ணிலிருந்து பிடரியைச் சுற்றி மை இழுத்தாற்போலக் கறுப்புக் கோடு, கத்திரிக்கோல் வால். இந்த மாதங்களில் வெறும் பாறையிலேயே முட்டையிடுமாம். நிழலும் இல்லை, கூடும் இல்லை. படகு கிட்டே போனால் தாய் பறந்துவிடும், முட்டை வெயிலில் வெந்துவிடும். அதனால் யாரும் நெருங்கக் கூடாது என்றாள் தர்ஷினி.

“எவ்வளவு சீகல்!” என்றேன் நான்.

“ஆலாக்கா” என்றார் முனியசாமி.

“என்னது?”

“ஆலா. இதுக்குப் பேரு ஆலா. எங்க கடல்லயும் கெடக்கு. ஆலா கூட்டமா விழுந்துச்சுன்னா கீழ சாளை மீன் போகுதுன்னு அர்த்தம். அதைப் பாத்துத்தான் வலை விடுவாக.”

தர்ஷினிக்கு ஆங்கிலப் பெயர் தெரியும், டெர்ன். எனக்கு ஐம்பத்து நாலு வயது, தமிழை விற்றுச் சாப்பிடுகிறவள், இந்தக் கடலில் பறக்கும் பறவைக்குத் தமிழில் பெயர் இருக்கிறது என்பதே தெரியாது. வெள்ளையாக எது பறந்தாலும் சீகல். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். எனக்கு அது போன பிப்ரவரியில் சறுக்கியதோடு முடியவில்லை என்று தெரிந்தது. வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. ஒரு ஆலா இறக்கையை மடக்கிக்கொண்டு செங்குத்தாகத் தண்ணீரில் விழுந்து, வாயில் வெள்ளியாக ஏதோ மின்ன மேலேறியது.

காலை 9:55, பெரிய சிஸ்டர்ஸ் தீவு

இரண்டு தீவுகள், பெரியது ஒன்று சின்னது ஒன்று. மலாயில் சுபார் லாவுட், சுபார் டாராட். அக்காள் தங்கை இருவர் கடலில் மூழ்கி, மறுநாள் இரண்டு தீவாக எழுந்தார்கள் என்று ஹாசிம் அண்ணன் கதை சொன்னார். நடுவில் ஓடும் நீரோட்டம் அவ்வளவு வேகம். மூழ்கிய கதையை அந்த நேரத்தில் அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். இந்தத் தண்ணீர் கடல் பூங்கா. பவளத்தை மிதிக்கக் கூடாது, ஒரு சிப்பியைக்கூட எடுக்கக் கூடாது. பெரிய தீவின் மேற்குப் பக்கத்தில் மிதவையில் படகைக் கட்டினார்கள்.

முனியசாமி கறுப்பு உடையை மாட்டிக்கொண்டு படகின் விளிம்பில் உட்கார்ந்தார். கடலைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார். தர்ஷினி முன்னால், அவர் பின்னால், இருவரும் கயிற்றைப் பிடித்து இறங்கினார்கள். மணி 10:12. பச்சைத் தண்ணீர் மூடிக்கொண்டது. குமிழிகள் மட்டும் மேலே வந்தன.

மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. தலை மேலே வந்தது. முகமூடியை நெற்றிக்கு ஏற்றினார். முகம் வெளுத்திருந்தது.

“அடைக்குதுக்கா” என்றார். “ரெண்டு மீட்டர்லயே அடைக்குது.”

நான் கம்பியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவருக்கு ஊரில் இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவள் ஒன்பதாம் வகுப்பு. எனக்கு நினைவு வந்ததெல்லாம் அந்தப் பஞ்சுதான்.

தர்ஷினி பதறவில்லை. “பெய்ன் இருக்கா, ப்ரெஷரா? அதை மட்டும் கேளுங்க ஆன்ட்டி.”

“தம்பி, வலியா? இல்ல அடைப்பு மட்டும்தானா? சரியாச் சொல்லுங்க.”

அவர் கண்ணை மூடி யோசித்தார். “வலி இல்லக்கா. அடைப்புத்தான். நாலு மாசமா எறங்காத காது, பயப்படுது போல.”

“வலி இல்லை, அழுத்தம் மட்டும்தான்” என்று தர்ஷினியிடம் சொன்னேன். வாழ்க்கையில் இவ்வளவு கவனமாக நான் எதையும் சொன்னதில்லை. “தென் வீ ட்ரை அகெய்ன், ஸ்லோ” என்றாள். ஐந்து நிமிடம் மேலேயே மிதக்கவிட்டாள். எச்சில் விழுங்கச் சொன்னாள், மூக்கைப் பிடித்து மெல்ல ஊதச் சொன்னாள். அவசரமே இல்லை என்று அவரிடம் மூன்று தடவை என்னைச் சொல்லச் சொன்னாள். மூன்று தடவையும் சொன்னேன். 10:24-க்கு மறுபடி இறங்கினார்கள், இந்த முறை ஒரு கை நீளத்துக்கு ஒரு முறை நின்று நின்று.

பிறகு குமிழிதான். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கயிற்றின் பக்கத்தில் இரண்டு கொத்துக் குமிழி. கொஞ்சம் நகர்ந்தது. ஒரு கொத்து மறைந்தது. நான் எழுந்து நின்றேன். அலைதான் மறைத்திருக்கிறது, மறுபடி இரண்டும் வந்தன. ஹாசிம் அண்ணன் தன் பிளாஸ்க்கிலிருந்து கோப்பி ஊற்றிக் கொடுத்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து அவரும் குமிழியையே பார்த்தார். அந்த மனிதருக்கு எங்கள் கதை எதுவும் தெரியாது. அந்தக் கோப்பிக்காக நான் அவரை எப்போதும் நினைத்துக்கொள்வேன்.

11:02. முப்பத்தெட்டு நிமிடம். முதலில் தர்ஷினியின் தலை, அப்புறம் அவருடையது. ஏணியில் ஏறினார். தலையை வலப்பக்கம் சாய்த்துத் தட்டினார். சுண்டுவிரலைக் காதில் விட்டு எடுத்து வெயிலில் நீட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன். விரலில் தண்ணீர் மட்டும் இருந்தது. ரத்தம் இல்லை.

“வலிக்கலைக்கா” என்றார். “ஆறு மீட்டர். ஒரு பொட்டுகூட வலிக்கலை.”

நான் அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது, மூக்கு சிந்தி நன்றாகவே அழுதேன். தர்ஷினி என்னைக் கட்டிக்கொண்டாள், என் சட்டை முழுக்க நனைந்தது.

காலை 11:30, கரையில்

தீவில் கடை இல்லை. கொண்டுபோனதைத்தான் சாப்பிட வேண்டும், குப்பையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். வாதாமர நிழலில் எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைப் பிரித்தேன். காலையில் விட்ட அரைத் தோசைக்கும் சேர்த்து முனியசாமி சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே கடலடியைச் சொன்னார், நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். முகத்துக்கு நேரே வந்தால்தான் எதுவும் தெரியுமாம். சாம்பல் கலங்கலுக்குள்ளிருந்து ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு கடற்பஞ்சு வந்ததாம். நீலப் புள்ளித் திருக்கை ஒன்று மணலை உதறிக்கொண்டு போனதாம். ஒரு பெரிய சிப்பியைக் கண்டதும் கை தானாகப் போய்விட்டதாம், தர்ஷினி விரலை ஆட்டினாளாம்.

“எல்லாத்தையும் விட ஒண்ணு சொல்லவாக்கா?” என்றார். “மேல அண்ணாந்து பாத்தேன். வெளிச்சம் தெரிஞ்சுச்சு. அஞ்சு வருசமா இந்தக் கடல்ல குளிக்கிறேன், மேல பாத்தா எப்பவும் கப்பல்தான். இன்னைக்குத்தான் சிங்கப்பூர்க் கடலுக்கு மேல வானம் இருக்கிறதைப் பாத்தேன்.”

அலையடிக்காத குளம் போன்ற பகுதி ஒன்று கரையோரம் இருக்கிறது. முழங்கால் வரை இறங்கி நின்றேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. என் காலைச் சுற்றி விரல் நீள மீன்கள் வந்து போயின.

பகல் 12:20

ஊரில் காலை பத்து மணி இருக்கும். அவர் மனைவி முத்துமாரிக்கு அழைத்தார். தொலைபேசியை வலது காதில் வைத்திருந்தார். நான் எழுந்து தள்ளிப் போகப் பார்த்தேன், உட்காரச் சொல்லிக் கை காட்டினார். பிள்ளைகள், மழை, ரேஷன் கடை என்று கொஞ்ச நேரம் பேச்சு ஓடியது. அப்புறம் அவர் சட்டென்று நிறுத்தி, தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்து ஒலிபெருக்கியில் போட்டார்.

“மறுபடி சொல்லு.”

“இல்ல, இன்னைக்கு என்னங்க ஒரு தடவகூட ‘என்ன, என்ன’ன்னு கேக்கலைன்னு சொன்னேன்” என்றது அந்தக் குரல். “நாலு மாசமா எதைச் சொன்னாலும் ரெண்டு தடவ சொல்ல வச்சிய. ஒங்களுக்குக் காதுல என்னமோன்னு எனக்குத் தெரியும். நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்.”

முனியசாமி எல்லாவற்றையும் சொன்னார். பஞ்சு, கிழிந்த செவிப்பறை, கயிறு பிடித்த நாலு மாதம், இன்றைய ஆறு மீட்டர். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. “அந்த அக்கா பக்கத்துல இருக்காகளா?”

“இருக்கேன் தங்கச்சி. தப்பு என் மேலதான்.”

“குளிக்கிறதுன்னா என்னன்னு உங்க ஊர்ல தெரியாதாக்கா?”

“தெரியாதும்மா. குளியலறைதான் தெரியும்.”

“தெரியாட்டி என்ன, எல்லாச் சொல்லும் எல்லாருக்கும் தெரியுமா? ‘எங்க குளிச்சிய?’ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லக்கா.”

நாலு மாதமாக நான் அகராதியைப் புரட்டியிருக்கிறேன், வட்டாரச் சொற்களைப் பட்டியல் போட்டிருக்கிறேன், தூக்கம் கெட்டிருக்கிறேன். ஒரு சொல்லை அறியாததுதான் என் குற்றம் என்று நினைத்திருந்தேன். அந்தப் பெண் ஒரே வரியில் சரியான இடத்தில் விரலை வைத்துவிட்டாள். எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்தேன், அதனால் கேட்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

“கேட்டிருக்கணும்மா” என்றேன்.

“சரி விடுங்க. அவுக தனியா எறங்கலை, நீங்க கூட இருந்திய. அது போதும் எனக்கு. சாப்பிட்டியளா ரெண்டு பேரும்?”

பிற்பகல் 1:30, திரும்பும் வழி

படகு கிளம்பியதும் தீவு ஒரு கைப்பிடி அளவு மரங்களாகச் சுருங்கியது. பாறையைக் கடக்கும்போது ஹாசிம் அண்ணன் மறுபடியும் எஞ்சினைத் தணித்தார். இந்த முறை நான் அவருக்குச் சொன்னேன், எங்கள் மொழியில் இதற்கு ஆலா என்று பெயர். “ஆலா” என்று அவரும் சொல்லிப் பார்த்துக்கொண்டார். எதிரே எங்கள் ஊர் வளர்ந்துகொண்டே வந்தது. அங்கே நின்று இதைப் பார்த்தால் கடல் ஒரு நீலக் கோடு, கப்பல்கள் புள்ளி. இங்கிருந்து பார்த்தால் அந்த ஊரின் அத்தனை பளபளப்புக்கும் அடியில் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். எனக்கு வாந்தி வரவில்லை. பையை மடித்து ஹாசிம் அண்ணனிடமே திருப்பிக் கொடுத்தேன், இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

தர்ஷினிக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல் அடுத்த வாரம் வீட்டுக்குச் சாப்பிட வரச் சொன்னேன். “மட்டன் இருக்குமா ஆன்ட்டி?” என்று கேட்டாள். இருக்கும்.

ரயிலில் நானும் முனியசாமியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். அவர் ராஃபிள்ஸ் பிளேஸில் இறங்கி மேற்கே துவாஸுக்கு மாற வேண்டும், நான் டோபி காட் வரை போக வேண்டும். சேர்ந்து போனது இரண்டே நிலையம். வெயில் பட்ட களைப்பில் இருவருக்கும் கண் சொக்கியது. வண்டி நிற்கப் போகும்போது அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“வாறேன்க்கா. நாளைக்குக் காலையில ஏழு மணிக்குக் குளிக்கணும்.”

“எங்க தம்பி குளிக்கிறீங்க?” என்று கேட்டேன்.

கதவு திறந்தது. அவர் ஒரு கணம் நின்று, சிரித்துவிட்டு, ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல் நிறுத்திச் சொன்னார்.

“கடல்லக்கா. கப்பலுக்கு அடியில. மொதல் நாளுங்கிறதால அஞ்சு மீட்டர்தான்.”

கதவு மூடியது. கேட்டிருந்தால் அன்றைக்கும் இப்படித்தான் சொல்லியிருப்பார்.